உடற்கல்வி நேரத்தில் கணக்கு

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், என் வகுப்புப் பிள்ளைகள் விளையாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கணக்குப் போட்டார்கள். அட்டவணையில் அந்த நாள்களில் உடற்கல்வி இருந்தது. அதனால் பெற்றோர் மறக்காமல் மஞ்சள் டி-சட்டையையும் கறுப்பு டிராக் பேண்டையும் துவைத்துப் போட்டு அனுப்பினார்கள். எட்டரைக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் வெண்பலகையில் வகுத்தல் கணக்கை எழுத ஆரம்பித்ததும் தலையைக் குனிந்துகொள்வார்கள். சில வாரங்கள் போன பிறகு என் முகத்தைப் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள்.

நான் கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் கணித ஆசிரியை. வீடு பூச்சோங்கில், பதினோராவது மாடி. காலை ஆறு மணிக்குள் காரை எடுக்காவிட்டால் நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். எடுத்தாலும் முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் முன்னாலும் பின்னாலும் நிற்கும். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்த்தான் பள்ளியில் இறங்குவேன். பிறகு மூன்றாவது மாடி. வகுப்பில் முப்பத்து நான்கு பிள்ளைகள். மேசைகளுக்கு நடுவில் நான் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். சன்னல்களுக்குக் கம்பி. பக்கத்து வகுப்புச் சத்தம் கேட்காமலிருக்கக் கதவையும் சாத்திவிடுவோம். மதியம் திரும்பவும் அதே கார், அதே லோரிகள். பதினாறு வருடமாக என் நாள்கள் இப்படித்தான் போய்க்கொண்டிருந்தன. வேலை என்றால் இதுதானே என்று இருந்துவிட்டேன்.

உடற்கல்வி என் கைக்கு வந்தது ஒரு வசதிக்காக. அதற்கென்று பயிற்சி பெற்ற ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போனார். அவருடைய பாடவேளைகளைப் பங்கு போட்டபோது தலைமையாசிரியர் என்னிடம், "உங்களுக்கு ரெண்டு பிரியட் குறையுது டீச்சர். நாலாம் ஆண்டு பிஜே நீங்களே எடுத்துக்குங்க," என்றார். பிஜே என்பது உடற்கல்விக்குப் பள்ளியில் எல்லாரும் சொல்லும் பெயர். அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் விசில் ஊதுவது மட்டும்தான்.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போனேன். திடலில் பாதியைத் தற்காலிகக் கேபின் வகுப்புகள் எடுத்துக்கொண்டிருந்தன. மீதிப் பாதியில் எங்கள் கார்கள் நின்றன. கால்வாய் ஓரம் நீளமாக ஒரு துண்டு புல்தரை மட்டும் மிச்சம். அங்கே ஓடவிட்டேன். ஒருவன் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான். அன்று மாலை பெற்றோர் வாட்சப் குழுவில் அவன் அம்மா ஒன்றரை நிமிடக் குரல் பதிவு போட்டார். இன்னொருவர், "வெயில்ல நின்னு பிள்ளை கறுத்துப் போறா டீச்சர், அந்த நேரம் கணக்கு சொல்லிக் குடுத்தா நல்லாருக்கும்லா," என்று எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

என்ன செய்வது என்று தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டேன். அவர் அறைச் சுவரில் வகுப்புவாரியாகக் கணக்கு மதிப்பெண்களின் வரைபடம் மாட்டியிருக்கும். என் வகுப்பின் கோடு போன வருடத்தைவிடக் கீழே இறங்கியிருந்தது. அவர் அதைப் பார்த்தபடியே பேசினார்.

"பிஜே நல்லதுதான் டீச்சர். ஆனா கல்வி இலாகாவில என்கிட்ட கேக்கறது பிஜேவப் பத்தி இல்ல. நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே பாத்து செய்யுங்க."

நான் பார்த்துச் செய்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து பிள்ளைகள் கீழே இறங்கவில்லை.

ஆனால் பாடத்திட்டம் எழுதியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மாலை கணினி முன் உட்கார்ந்து அந்த வாரத்துக்கு எழுதுவேன். செவ்வாய்: பந்தை எறிதல், பிடித்தல். வியாழன்: ஒற்றைக் காலில் சமநிலை. பாடம் முடிந்த பிறகு எழுத வேண்டிய சிந்தனை மீட்சியையும் முன்கூட்டியே எழுதிவிடுவேன்: மாணவர்கள் மகிழ்ச்சியுடன் பங்கேற்றனர். முதல் முறை எழுதும்போது கை தயங்கியது. ஐந்தாவது வாரத்தில் நகல் எடுத்து ஒட்டினேன்.

அந்த வகுப்பில் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் இருந்தாள். பத்து வயது, ஒல்லி, இரட்டைப் பின்னல். அவள் கால்கள் ஓயவே ஓயாது. முன்னால் இருப்பவனின் நாற்காலிக் காலை உதைத்துக்கொண்டே இருப்பாள். அவன் திரும்பிப் பார்த்தால் நிறுத்துவாள், ஒரு நிமிடத்தில் மறுபடியும் ஆரம்பிக்கும். ஏழாம் வாய்ப்பாடு வராது. வகுத்தலில் இரண்டு வரி எழுதுவாள், பிறகு சன்னல் கம்பிகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள். ஒரு பாடவேளையில் மூன்று முறை கையைத் தூக்கி, "டீச்சர், டாய்லெட் போகட்டுமா?" என்பாள்.

ஒருநாள் சந்தேகப்பட்டு அவள் பின்னால் போனேன். அவள் கழிவறைப் பக்கமே போகவில்லை. படிக்கட்டில் கீழ்த்தளம் வரை ஓடி இறங்கி, திரும்ப மூன்றாவது மாடி வரை ஓடி ஏறிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சுவரோடு ஒட்டி நின்றாள். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது, அதை அவளால் அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு விதி போட்டேன். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வெளியே போகலாம்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, உடற்கல்வி நேரம். நான் பலகையில் ஐந்து கணக்கு எழுதியிருந்தேன். அவள் கையைத் தூக்கினாள்.

"இப்பதான போயிட்டு வந்த. உக்காரு."

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தே நின்றாள். "டீச்சர், நெசமாவே வருது."

"மூணு கணக்கு முடி. அப்புறம் போலாம்."

அவள் உட்கார்ந்தாள். பென்சிலை எடுத்தாள். சற்று நேரத்தில் முன்னால் இருந்த பையன் இரண்டு காலையும் தரையிலிருந்து தூக்கிக்கொண்டான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவளும் தூக்கிக்கொண்டாள். நாற்காலிக்கு அடியிலிருந்து ஈரம் மெதுவாகப் பரவி என் மேசைப் பக்கம் வந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவள் பலகையில் இருந்த கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்திலிருந்து அவள் அம்மாவுக்குப் போன் செய்தார்கள். அவர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். நீலச் சீருடையோடு, மாற்றுத் துணியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வந்ததும் என்னிடம்தான் முதலில் பேசினார்.

"மன்னிச்சிருங்க டீச்சர். வீட்ல இப்படியெல்லாம் செஞ்சதே இல்ல. உங்களுக்குத்தான் கஷ்டம்." மகள் பக்கம் திரும்பினார். "ஏன்டி, வாயத் தொறந்து டீச்சர்கிட்ட கேக்க வேண்டியதுதான?"

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு அம்மாவிடம், "மறந்துட்டேம்மா," என்றாள்.

நான் பக்கத்திலேயே நின்றேன். அவள் கேட்டாள், இரண்டு தடவை கேட்டாள், நான்தான் விடவில்லை என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். "பரவால்ல, சின்னப் பிள்ளதான," என்று சொன்னேன். அந்த அம்மா எனக்கு நன்றி சொல்லிவிட்டு மகளைக் கூட்டிப்போனார்.

ஒரு மாதம் போயிருக்கும். உடற்கல்வி எப்படி நடக்கிறது என்று பார்க்க இலாகாவிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார் என்று செய்தி வந்தது. தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "உங்க ரெக்கார்டு எல்லாம் சரியா இருக்கு டீச்சர், கவலப்படாதீங்க. பிள்ளைங்கள மட்டும் கொஞ்சம் தயார் பண்ணிடுங்க," என்றார்.

மறுநாள் வகுப்பில் கேட்டேன். "நாளைக்கு ஒரு ஆபீசர் வர்றாங்க. போன வாரம் பிஜேல என்ன செஞ்சீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

"கணக்கு, டீச்சர்," என்றான் ஒருவன். அவன் குறும்புக்காகச் சொல்லவில்லை.

"இல்ல. பந்து எறிஞ்சோம், பிடிச்சோம். அப்புறம் ஒத்தக் கால்ல நின்னோம். மலாய்ல சொல்லணும். எங்க, சொல்லுங்க."

வாய்ப்பாடு சொல்வதுபோல முப்பத்து நான்கு பேரும் சேர்ந்து சொன்னார்கள். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகச் சொன்னார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி நோட்டைத் திறந்து, "எழுதிக்கவா டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். பலகையில் நான் மலாயில் எழுதியிருந்த பதிலையும் அழித்துவிட்டேன். அழித்த பிறகும் அந்த வார்த்தைகள் மங்கலாகத் தெரிந்தன. துணியை நனைத்து மறுபடியும் துடைத்தேன்.

அதிகாரி இளம் மலாய்ப் பெண், அமைதியானவர். கையில் ஒரு படிவத்தோடு கால்வாய் ஓரம் நிழலில் நின்றார். சாமான் அறையிலிருந்து நான் எடுத்து வந்த வளையங்களில் சிலவற்றுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. பந்துகளில் பாதிக்குக் காற்று இல்லை.

பிள்ளைகள் திடலுக்கு வந்ததும் கலைந்து ஓடினார்கள். நான் விசில் ஊதினேன். வரிசையில் நில் என்றால் எப்படி நிற்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டிரண்டு பேராகப் பந்தை எறிந்து பிடிக்கச் சொன்னேன். பந்து வரும்போது நிறையப் பேர் கண்ணை மூடிக்கொண்டு கையை மட்டும் நீட்டினார்கள். ஒற்றைக் காலில் நில் என்றதும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பத்து வயதுப் பிள்ளைகளால் பத்து எண்ணும்வரை நிற்க முடியவில்லை. எனக்கு அதிகாரி எங்கே நிற்கிறார் என்பதுகூட மறந்துபோனது. இவர்களை எத்தனை மாதமாக உட்கார வைத்திருக்கிறேன் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரிசைப் பெண் மட்டும் ஒரு பந்தையும் தவறவிடவில்லை. அதிகாரி அவளைக் கூப்பிட்டு, போன வாரம் என்ன செய்தீர்கள் என்று மலாயில் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. பந்து எறிந்தோம், பிடித்தோம், ஒற்றைக் காலில் நின்றோம் என்று தெளிவாகச் சொன்னாள். அதற்கு மேலும், நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றைத் தானாகவே சேர்த்துச் சொன்னாள். டீச்சரும் எங்களோடு ஓடினார் என்றாள்.

அதிகாரி சிரித்தார். படிவத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பிளாஸ்டிக் உறைகளை அவர் பார்த்திருக்க வேண்டும். போகும்போது என்னிடம், "சமநிலைக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி தேவை, சிக்கு," என்று மட்டும் சொன்னார். டீச்சரை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கேண்டீனில் கறிப்பஃப் சாப்பிடும்போது தலைமையாசிரியர் என்னைப் பாராட்டினார். என் கறிப்பஃபைத் தொடாமலே எழுந்துவிட்டேன்.

அன்று திடலிலிருந்து மேலே வந்த பிறகு உண்மையான கணக்குப் பாடம் இருந்தது. ஐந்து நிமிடம் ஒரே இரைச்சல். தண்ணீர் குடித்தார்கள், சட்டையால் முகத்தைத் துடைத்தார்கள், வகுப்பெல்லாம் வியர்வை வாடை. பிறகு தானாக அடங்கிப்போனது. யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. வழக்கமாகக் கேட்கும் நாற்காலி உதைக்கும் சத்தம் அன்று கேட்காததால் நிமிர்ந்து பார்த்தேன். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்தில் நாலு கணக்கு முடித்திருந்தாள். தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் வியாழன் எட்டரைக்கு மணி அடித்தது. பிள்ளைகள் கணக்குப் புத்தகத்தைத் திறந்தார்கள்.

"மூடிடுங்க. கீழ போலாம்," என்றேன்.

யாரும் அசையவில்லை. முன்வரிசைப் பெண்தான் கேட்டாள். "இன்னிக்கும் ஆபீசர் வர்றாங்களா டீச்சர்?"

"இல்ல. யாரும் வரல. சும்மாத்தான்."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மெதுவாக எழுந்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போதுகூடச் சிலர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

இரண்டு வாரம் கழித்துத் தலைமையாசிரியர் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஏன் டீச்சர், அதான் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்களே. டெஸ்ட் வேற வருது."

"ரெக்கார்டுல என்ன எழுதறேனோ அதத்தான் சார் செய்றேன்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எனக்கும் தெரியும் டீச்சர். நானும் ஒரு காலத்துல ஓடினவன்தான். ஆனா மார்க்கு இறங்குச்சுன்னா அங்க போயி நிக்கறது நான். உங்க பேரையும் கேப்பாங்க."

நான் துணிச்சல்காரி இல்லை. செவ்வாய்க்கிழமையை விடாமல் வைத்துக்கொண்டேன். வியாழன் ஒரு வாரம் திடல், ஒரு வாரம் கணக்கு என்று இழுபறியாகப் போனது. வெயில் அதிகம், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள் என்று சுற்றறிக்கை வந்த வாரங்களில் வகுப்புக்கு வெளியே நடைபாதையில் நிற்க வைத்துக் குதிக்கச் சொன்னேன். சோதனைக்கு முந்திய இரண்டு வாரம் பயம் வந்து இரண்டு நாளையும் கணக்குக்கே எடுத்துக்கொண்டேன். அந்த இரண்டு வாரமும் நாற்காலி உதைக்கும் சத்தம் திரும்ப வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே பாடம் நடத்தினேன்.

சோதனைத் தாள்களைத் திருத்தும்போது அவளுடைய தாளைக் கடைசியில் எடுத்தேன். அதுவரை அவள் எந்தத் தாளையும் கடைசிப் பக்கம் வரை திருப்பியதில்லை. இந்த முறை கடைசிக் கேள்வி வரை எழுதியிருந்தாள். பாதிக்கு மேல் தப்புதான். ஆனால் எதையும் வெறுமையாக விடவில்லை. வகுப்பின் கோடு பெரிதாக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தலைமையாசிரியர் அதைப் பற்றிப் பேசவில்லை.

மதிப்பெண் அட்டை வாங்க அவள் அம்மா வந்தார். அதே நீலச் சீருடை. என் எதிரில் உட்கார்ந்து அட்டையைப் பார்த்துவிட்டு, "முந்திக்கு இப்பக் கொஞ்சம் பரவால்ல டீச்சர். பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோட கெளம்பறா," என்றார். மகள் கதவருகே நின்றிருந்தாள்.

அன்று சொல்லவில்லை என்றால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு உங்க பொண்ணு என்கிட்ட கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. நான்தான் போக விடல. ஓடறதுக்குக் கேக்கறான்னு நெனச்சுட்டேன்."

அவர் கையெழுத்துப் போட எடுத்த பேனா அப்படியே நின்றது. என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு வீட்டுக்குப் போயி ஹேங்கரால ரெண்டு போட்டேன் டீச்சர்," என்றார். "நாலாம் ஆண்டு படிக்கிற பிள்ள இப்படிச் செய்யலாமான்னு. அழுதா. அப்பக்கூடச் சொல்லல."

மகளைக் கையசைத்துக் கூப்பிட்டார். "ஏன்டி சொல்லல?"

அவள் காலால் தரையைத் தேய்த்தாள். "டீச்சர் அங்கயே நின்னுட்டிருந்தாங்க," என்றாள்.

மன்னித்துக்கொள் என்று அவளிடம் சொன்னேன். ஒரு பிள்ளையிடம் அந்த வார்த்தையை அதற்கு முன் நான் சொன்னதில்லை. அவள் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். "சரி டீச்சர்," என்றாள். அம்மா கையெழுத்துப் போட்டார், அட்டையை மடிக்காமல் பைக்குள் வைத்தார், மகளின் தலையில் கை வைத்தபடி வெளியே நடந்தார். என்னிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

அடுத்த வருடம் அந்த வகுப்பின் உடற்கல்வி வேறொருவருக்குப் போனது. நான் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்கு இரண்டாம் ஆண்டைக் கொடுத்திருக்கிறார்கள், வெள்ளிக்கிழமை காலை இரண்டு பாடவேளை. கேபின் வகுப்புகள் இன்னும் இரண்டு வந்துவிட்டன. கால்வாய் ஓரப் புல்தரையில்தான் விளையாடுகிறோம். நாங்கள் போடும் சத்தத்தில் பாடம் நடத்த முடியவில்லை என்று கேபினில் இருக்கும் ஆசிரியை புகார் சொல்லியிருக்கிறார். அவர் சொல்வதும் சரிதான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விளையாடுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறேன். தள்ளிப் போக அங்கே அதிகம் இடமில்லை.